கொலை வழக்குப் பிரிவுக்குப் போன பார்ட்னர்

1995-ல் ராபர்ட் முல்லர் வயது ஐம்பதைத் தொட்டிருந்த வக்கீல். பாஸ்டனின் பழைய, பெரிய சட்ட நிறுவனமான ஹேல் அண்ட் டோரில் பார்ட்னர், அதாவது பங்குதாரர். ஆண்டு வருமானம் சுமார் 400,000 டாலர் என்று பின்னாளில் பத்திரிகைகள் எழுதின. அதற்கு முன் 1990 முதல் 1993 வரை, அரசின் வழக்குகளை நடத்தும் அமைச்சகமான அமெரிக்க நீதித்துறையின் குற்றவியல் பிரிவு முழுவதற்கும் தலைவராக இருந்தவர். பனாமாவின் நொரியேகா மீதான வழக்கு, நியூயார்க் மாஃபியா தலைவன் ஜான் காட்டி மீதான வழக்கு, ஸ்காட்லாந்தின் லாக்கர்பி மேல் வெடித்துச் சிதறிய பான் ஆம் 103 விமான வழக்கு எல்லாம் அவர் காலத்தில் அந்தப் பிரிவு கவனித்தவை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் எரிக் ஹோல்டருக்கு ஃபோன் செய்தார். ஹோல்டர் அப்போது வாஷிங்டன் நகரத்தின் யுஎஸ் அட்டர்னி, அதாவது அங்கே மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர். முல்லரைவிட ஆறேழு வயது சின்னவர். முல்லர் கேட்டது பதவி இல்லை. உங்கள் அலுவலகத்தில் கொலை வழக்குகள் நடத்த ஒரு இடம் வேண்டும் என்றார். கிடைத்தது. அதற்கப்புறம் மேசை ஃபோன் அடித்தால் எடுத்து "முல்லர், ஹோமிசைட்" (கொலை வழக்குப் பிரிவு) என்று மட்டும் சொல்வாராம்.

எஃப்பிஐ தலைவராக, 2016 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய விசாரணையின் சிறப்பு வழக்கறிஞராக அவரை உலகத்துக்குத் தெரியும். எனக்கு அவர் முக்கியமானது இந்த ஒரு ஃபோன் அழைப்பால்தான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் வாஷிங்டனில் ஒரு சட்ட நிறுவனத்தில் பாராலீகல், அதாவது வக்கீல்களுக்கு உதவியாளர். மோசடி, லஞ்சம் போன்ற வொயிட் காலர் வழக்குகள்தான் எங்கள் குழுவுக்குச் சோறு போடுகின்றன. ஒரு கம்பெனிக்கு அரசிடமிருந்து சப்பீனா, அதாவது ஆவணங்களை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு வரும். உடனே லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் எங்களிடம் வந்து இறங்கும். யார் யாருக்கு எப்போது எழுதினார்கள், எது வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம், எதை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று பிரிப்போம். காலவரிசை தயாரிப்போம். பார்ட்னர் சாட்சியைச் சந்திக்கும் முன் அவர் கையில் பைண்டர் இருக்க வேண்டும். செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஆறு நிமிடத் துண்டுகளாக எழுதி வைக்க வேண்டும். கட்சிக்காரருக்குப் பில் அப்படித்தான் போகும்.

எங்கள் மாடியில் உள்ள பார்ட்னர்களில் பலர் முன்னாள் ஃபெடரல் பிராசிக்யூட்டர்கள், அதாவது குற்ற வழக்குகளை நடத்திய மத்திய அரசு வக்கீல்கள். அறைச் சுவரில் நீதித்துறை முத்திரை பதித்த பலகை மாட்டியிருக்கும். கட்சிக்காரர்கள் அவர்களைத் தேடி வரக் காரணமே அதுதான், அந்தப் பக்கம் எப்படி யோசிப்பார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். இதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நல்ல வக்கீல் வேண்டும். வழக்கு எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று அறிந்தவர் பக்கத்தில் இருந்தால், பொய் சொல்லி மாட்டிக்கொள்ளாமல் உண்மையை முதலிலேயே சொல்லிவிடும்படி கட்சிக்காரரை வழிக்குக் கொண்டுவர முடியும். அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் போக்குவரத்து பெரும்பாலும் ஒரே திசையில்தான். இளம் வயதில் அரசு, அப்புறம் நிறுவனம். திரும்பிப் போகிறவர்களும் உண்டு, அவர்கள் போவது பெரும்பாலும் பெரிய நாற்காலிக்கு. பார்ட்னராக இருந்தவர் கோப்பைத் தானே தூக்கிக்கொண்டு, சாட்சியின் வீட்டுக் கதவைத் தட்டுகிற வேலைக்குப் போவது அபூர்வம்.

அந்த வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் தெருவில் நடக்கும் கொலையை மாநில அரசின் வக்கீல், அதாவது டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி நடத்துவார். வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராது. அதனால் இங்கே பெரியவர்கள் மீதான கடுங்குற்ற வழக்குகளை ஜனாதிபதி நியமிக்கும் யுஎஸ் அட்டர்னியின் ஆட்கள்தான் நடத்துகிறார்கள். நாட்டிலேயே மிகப் பெரிய யுஎஸ் அட்டர்னி அலுவலகம் இது. ஒரே அலுவலகத்தில் ஒருவர் வெளிநாட்டு உளவு வழக்கைப் பார்ப்பார், இன்னொருவர் தெருமுனையில் சுடப்பட்ட பையனின் வழக்கைப் பார்ப்பார். கிராக் கொக்கெய்ன் காலம் அது. 1991-ல் மட்டும் இந்த நகரத்தில் 470-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன, அதுவும் சுமார் ஆறு லட்சம் பேர் வாழும் ஊரில். முல்லர் வந்து சேர்ந்தபோது அந்த அலை சற்றுத் தணிந்திருந்தாலும் ஓயவில்லை.

ஜுடிஷியரி ஸ்கொயர் மெட்ரோவில் இறங்கி நடந்தால் இண்டியானா அவென்யூவில் மோல்ட்ரி கோர்ட் கட்டிடம் வரும். நகரத்தின் சுப்பீரியர் கோர்ட் அங்கேதான். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பொது இருக்கையில் உட்காரலாம். நான் விடுமுறை எடுத்துக்கொண்டு போய் ஒரு கொலை வழக்கு விசாரணையைப் பார்த்திருக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் ஒரு விசாரணைக்கு இரண்டு டஜன் பேர் பின்னால் நிற்போம். அங்கே பிராசிக்யூட்டர் ஒரு இளம் பெண். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தானே இழுத்து வந்தார். சாட்சிக் கூண்டில் இருந்த பையன் எதைக் கேட்டாலும் "ஞாபகம் இல்லை" என்றான். பயம் அவன் முகத்திலேயே தெரிந்தது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினான். அவர் சலிக்காமல், குற்றச்சாட்டு பதிவு செய்யலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி முன் அவன் முன்பு சத்தியம் செய்து சொன்னதை ஒவ்வொரு வரியாக வாசித்து, இது நீ சொன்னதுதானே, இது நீ சொன்னதுதானே என்று கேட்டுக்கொண்டே போனார். இடைவேளையில் மற்றவர்கள் காபிக்குப் போனபோது அவர் முதல் வரிசையில் இருந்த இறந்தவனின் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

400,000 டாலரை விட்டுவிட்டு ஒருவர் தேடிப் போனது இந்த வேலையைத்தான். அன்றைக்கு அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

முல்லர் வசதியான வீட்டுப் பிள்ளை. பிரின்ஸ்டனில் படித்தவர். அவருடன் லக்ராஸ் விளையாடிய டேவிட் ஹாக்கெட் மரைன் படையில் சேர்ந்து 1967-ல் வியட்நாமில் கொல்லப்பட்டார். அதைப் பார்த்து ஒதுங்காமல் முல்லரும் மரைனில் சேர்ந்தார். முழங்கால் காயம் ஆறும்வரை காத்திருந்து சேர்ந்தவர். வியட்நாமில் துப்பாக்கிச் சூட்டில் தொடையில் குண்டு பாய்ந்தது, வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. திரும்பி வந்து வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1973-ல் சட்டம் முடித்தார். முதல் வேலை சான் ஃபிரான்சிஸ்கோவில் தனியார் நிறுவனம். 1976-ல் அங்கேயே யுஎஸ் அட்டர்னி அலுவலகம், 1982-ல் பாஸ்டன். 1988-ல் மறுபடி தனியார், ஓராண்டிலேயே வாஷிங்டனில் நீதித்துறை. 1993-ல் ஹேல் அண்ட் டோர். 1995-ல் நான் முதலில் சொன்ன அந்த ஃபோன்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. தனியார் நிறுவனத்தில் அவரால் நிலைக்க முடிந்ததே இல்லை. திறமை இல்லாமல் இல்லை. வழக்கு நடத்துவதை, அதாவது ஒரு தவறு நடந்தது, அதற்கு ஒருவர் பொறுப்பு என்று ஜூரி முன் எழுந்து நின்று நிரூபிப்பதை, அவர் வேறு எதையும்விட விரும்பினார் என்றுதான் எனக்குப் படுகிறது.

என் தோழியின் மகள் இங்கே சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள், "ஆன்ட்டி, பெரிய ஃபர்மில் முதல் வருஷமே 225,000 டாலர். கவர்மெண்டில் அதில் பாதிகூட வராது. என் லோனை யார் கட்டுவது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. லட்சியத்தைச் சொல்லி அவள் வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. பொதுச் சேவையில் பத்தாண்டுகள் வேலை செய்துகொண்டே தவணை கட்டினால் மீதி ஃபெடரல் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டுப் பார் என்றேன். அப்புறம் முல்லரின் கதையைச் சொன்னேன். "அவர் பணக்காரர், ஆன்ட்டி, அவரால் முடியும்" என்றாள். அதுவும் உண்மைதான். மூன்று ஆண்டுகள் நிறுவனத்தில் இருந்து, கடனை அடைத்து, அப்புறம் அந்தப் பக்கம் போகலாம், கதவு இரண்டு பக்கமும் திறக்கும் என்றேன். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று போனாள்.

1998-ல் முல்லர் சான் ஃபிரான்சிஸ்கோவின் யுஎஸ் அட்டர்னி ஆனார். 2001 ஆகஸ்டில் செனட் 98-க்கு 0 என்ற வாக்கில் அவரை எஃப்பிஐ தலைவராக உறுதி செய்தது. செப்டம்பர் 4 அன்று பதவியேற்றார். ஒரு வாரம் கழித்து செப்டம்பர் 11.

அவரே பின்னாளில் பொதுமேடைகளில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. தாக்குதலுக்குப் பின் ஜனாதிபதி புஷ்ஷிடம் முதல் முறை விளக்கப் போனார். விமானங்களைக் கடத்தியவர்கள் யார், எங்கே டிக்கெட் வாங்கினார்கள், எங்கே தங்கினார்கள் என்று ஆரம்பித்தார். புஷ் குறுக்கிட்டு, அடுத்த தாக்குதலைத் தடுக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாராம். முல்லரிடம் பதில் இல்லை. எனக்கு இந்தச் சம்பவம் மிகவும் பிடிக்கும். ஒரு பிராசிக்யூட்டரின் மூளை எப்படி வேலை செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நடந்து முடிந்ததை எடுத்து, ஆதாரம் சேர்த்து, யார் செய்தது என்று நிறுவுவதுதான் அவர் கால் நூற்றாண்டாகச் செய்தது. இனிமேல் நடக்கப்போவதைத் தடு என்பது வேறு தொழில். எஃப்பிஐயை அந்த வேறு தொழிலுக்குத் திருப்புவதிலேயே அவருடைய அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளும் போயின.

அந்தக் காலத்தை நான் புகழ்ந்து மட்டும் எழுத மாட்டேன். 2001-ல் ஆந்த்ராக்ஸ் கிருமி வைத்துக் கடிதங்கள் அனுப்பப்பட்ட வழக்கில் ஸ்டீவன் ஹாட்ஃபில் என்ற விஞ்ஞானியை எஃப்பிஐ ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. அவர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை, ஆனால் பெயர் ஊரெல்லாம் நாறிப்போனது. கடைசியில் 2008-ல் அரசு அவருக்கு 58 லட்சம் டாலர் மதிப்புள்ள சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. மசூதிகளைச் சுற்றி உளவாளிகளை உலவ விட்டதும் அவர் தலைமையில்தான். சாட்சி, சான்று, நிரூபணம் என்று வளர்ந்த ஒருவர் தலைமையில் இது நடந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதே மனிதர்தான் 2004 மார்ச்சில், வாரண்ட் இல்லாமல் ஒட்டுக்கேட்கும் திட்டத்தை நீதித்துறை சட்டப்பூர்வமில்லை என்று சொன்ன பிறகும் வெள்ளை மாளிகை தொடர முயன்றபோது, ராஜினாமா செய்யத் தயாராக நின்றார். புஷ் இறங்கி வந்தார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

எஃப்பிஐ தலைவருக்குப் பத்தாண்டுதான் என்று சட்டம் 1976-லேயே வரம்பு கட்டியிருந்தது, ஜே. எட்கர் ஹூவர் 48 ஆண்டுகள் அந்த நாற்காலியை விடாமல் இருந்ததன் விளைவு அது. முல்லருக்காக மட்டும் 2011-ல் தனிச் சட்டம் போட்டு இரண்டாண்டு நீட்டித்தார்கள். 2013 செப்டம்பரில் வெளியே வந்தார். 2014-ல் வில்மர்ஹேல் நிறுவனத்தில் பார்ட்னர். அவர் 1995-ல் விட்டுப் போன ஹேல் அண்ட் டோர்தான் இன்னொரு நிறுவனத்துடன் 2004-ல் சேர்ந்து வில்மர்ஹேல் ஆகியிருந்தது.

இந்த முறை தனியார் பக்கத்தில் அவர் செய்த ஒரு வேலை எனக்குப் பெரியதாகத் தெரிகிறது. வோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில், புகைப் பரிசோதனை நடக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் மென்பொருளைப் பொருத்தி ஏமாற்றியது வெளிவந்த சமயம். கார் வாங்கியவர்கள், அரசு, கம்பெனி என்று எல்லோரும் சான் ஃபிரான்சிஸ்கோவில் நீதிபதி சார்லஸ் பிரையர் முன் நின்றார்கள். அவர் 2016 ஜனவரியில் முல்லரை சமரச மத்தியஸ்தராக நியமித்தார். ஜூன் மாதத்துக்குள் 1,470 கோடி டாலர் வரையிலான உடன்பாடு தயார். சுமார் 475,000 கார் உரிமையாளர்களுக்கு வண்டியைத் திருப்பிக் கொடுக்கவோ சரிசெய்துகொள்ளவோ வழி கிடைத்தது. இப்படிப்பட்ட கூட்டு வழக்குகள் பத்தாண்டு இழுப்பதைப் பார்த்தவள் நான். ஆவணங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கியே எங்கள் ஆயுள் போய்விடும். எல்லாத் தரப்பும் நம்புகிற ஒருவர் நடுவில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. அந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு பக்கமும் வேலை செய்ததிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

2017 மே 17 அன்று நீதித்துறையின் துணைத் தலைவர் ராட் ரோசன்ஸ்டைன் அவரைச் சிறப்பு வழக்கறிஞராக நியமித்தார். முல்லர் அப்போது எழுபதைத் தாண்டியவர். நிறுவனத்தை விட்டு விலகினார், அங்கிருந்து மூன்று வக்கீல்களும் அவருடன் போனார்கள். அவர்களில் ஜேம்ஸ் குவார்ல்ஸ், ஜனாதிபதி நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் விசாரணையிலேயே வேலை செய்தவர். வில்மர்ஹேலின் வேறு வக்கீல்கள் டிரம்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மானஃபோர்ட்டுக்கும் டிரம்பின் மருமகன் ஜாரட் குஷ்னருக்கும் ஆஜராகியிருந்ததால், முல்லர் இந்த வேலையை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. நீதித்துறையின் நெறிமுறை அதிகாரிகள் பரிசீலித்து அனுமதித்தார்கள்.

இதை வெளியே பலர் கேலியாகப் பேசினார்கள். உள்ளே இருக்கும் எங்களுக்கு இது அன்றாடம். புதிதாக ஒருவர் சேரும்போது அவர் முன்பு தொட்ட ஒவ்வொரு வழக்கையும் பட்டியலிட்டு, எந்தக் கோப்பை அவர் கண்ணில் காட்டக் கூடாது என்று தடுப்பு போடுவோம். கணினியில் அந்த ஃபோல்டரே அவருக்குத் திறக்காது. முல்லர் வந்துபோன பாதையைச் சுத்தமாக வைத்திருப்பது இப்படிப்பட்ட சலிப்பூட்டும் வேலைதான்.

இரண்டாண்டு விசாரணையில் 34 பேர் மீதும் 3 நிறுவனங்கள் மீதும் குற்றச்சாட்டு பதிவானது. கிராண்ட் ஜூரி கூடியது கான்ஸ்டிட்யூஷன் அவென்யூவில் உள்ள பிரெட்டிமேன் ஃபெடரல் கோர்ட்டில், மோல்ட்ரி கட்டிடத்திலிருந்து சில நிமிட நடை. 448 பக்க அறிக்கை வந்தது. ஜனாதிபதி டிரம்ப் குற்றம் செய்தார் என்று அது முடிவு கட்டவில்லை, குற்றமற்றவர் என்றும் சொல்லவில்லை. பதவியிலிருக்கும் ஜனாதிபதி மீது குற்றம் சாட்டக் கூடாது என்ற நீதித்துறைக் கொள்கைக்கு அவர் கட்டுப்பட்டார். 2019 ஜூலை 24 அன்று காங்கிரஸ் முன் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப அறிக்கையைப் பார்க்கும்படி சொன்னார். நாடகத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. கோர்ட்டில் நிரூபிக்க முடியாததை மேடையில் சொல்லக் கூடாது என்பதைத் தொழிலின் முதல் பாடமாகப் படித்தவர் வேறு எப்படிப் பேசுவார்?

அதே ஆண்டு மறுபடி வில்மர்ஹேல். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

2025 மார்ச் 27 அன்று ஜனாதிபதி டிரம்ப், வில்மர்ஹேல் மீது ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார். முல்லரையும் அவருடன் வேலை செய்தவர்களையும் திரும்பச் சேர்த்துக்கொண்டது அதில் நிறுவனத்தின் மீதான புகார்களில் ஒன்று. அந்த நிறுவனத்தின் ஊழியர்களை அரசுக் கட்டிடங்களுக்குள் விடுவதைக் கட்டுப்படுத்தச் சொன்னது ஆணை. அவர்களை அரசு வேலைக்கு எடுப்பதையும் தவிர்க்கச் சொன்னது. அந்த வாரம் நகரத்தின் சட்ட நிறுவனங்களில் வேறு பேச்சே இல்லை. சில பெரிய நிறுவனங்கள் வெள்ளை மாளிகையுடன் உடன்பாடு செய்துகொண்டன. வில்மர்ஹேல் வழக்குப் போட்டது. புஷ் நியமித்த நீதிபதி ரிச்சர்ட் லியோன் மே 27 அன்று அந்த ஆணை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு முழுக்க ஆச்சரியக்குறிகள். நான் அதைச் சாப்பாட்டு வேளையில் ஒரே மூச்சில் படித்தேன்.

எல்லோரும் பேச்சுரிமையைப் பற்றிப் பேசினார்கள், அது சரிதான். என் மனம் போனது வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற அந்தப் பகுதிக்கு. 1995-ல் இப்படியொரு ஆணை ஹேல் அண்ட் டோர் மீது இருந்திருந்தால், முல்லரின் ஃபோனை எடுத்த எரிக் ஹோல்டர் அவருக்கு அந்த மேசையைக் கொடுத்திருக்க முடியாது.